மதில்கள் மறைந்தன, தெருக்கள் நிலைத்தன
புதுச்சேரியின் பழைய நகர்ப்படங்கள் கூறும் வரலாறு

விழா எடுக்கும் வீட்டில் பழைய பெட்டியைத் திறந்து பார்ப்பது வழக்கம். அதில் தாத்தாவின் நிலப் பத்திரம் இருக்கும். பாட்டியின் திருமணப் படம் இருக்கும். எவரோ எழுதிய கடிதம் ஒன்றும் இருக்கும். பங்கு என்னும் குடும்பத்திற்கும் அத்தகைய பெட்டி உண்டு. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, கல்லறைக் கல்வெட்டு, கோயில் மணியில் பொறித்த ஆண்டு ஆகிய யாவும் அதில் அடங்கும். இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய ஆவணம் இன்னும் ஒன்று உண்டு. அதுவே ஊரின் பழைய படம். பதிவேடு நம் முன்னோர் யார் என்று கூறும். ஊர்ப்படமோ அவர்கள் எங்கே வாழ்ந்தார்கள், யாருக்கு அருகில் வாழ்ந்தார்கள், யாரை விட்டு விலகி வாழ்ந்தார்கள் என்று கூறும்.

தமிழ் வழங்கும் கடற்கரை நகரங்களுள் இத்தகைய படங்கள் மிகுதியாகக் கிடைக்கும் நகரம் புதுச்சேரி. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறக்குறைய நூறாண்டுக் காலம் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் அந்நகரைத் திரும்பத் திரும்ப அளந்து வரைந்துள்ளனர். அப்படங்கள் இன்று ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களில் உள்ளன. பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோஷ் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்ந்து நூல்களாக வெளியிட்டார். அதன் பயனாகப் புதுச்சேரியின் வரலாற்றில் பல செய்திகள் தெளிவடைந்தன. அவற்றுள் கிறிஸ்தவர்களாகிய நாம் சிந்திக்க வேண்டியவற்றை மட்டும் இம்மலரில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

படத்தைப் படிக்கும் முறை

பழைய நகர்ப்படம் நம் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தேசப்படத்தைப் போன்றதன்று. அது பெரும்பாலும் படைப் பொறியாளர் வரைந்தது. வடதிசை மேலே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. எனவே படத்தின் ஓரத்தில் உள்ள திசைகாட்டும் பூவை முதலில் தேட வேண்டும். அதன் பக்கத்தில் அளவுகோல் இருக்கும். அக்காலப் பிரெஞ்சு அளவு ‘துவாஸ்’ எனப்படும். ஒரு துவாஸ் நம் கணக்கில் ஏறக்குறைய 1.95 மீட்டர்.

வண்ணங்களுக்கும் பொருள் உண்டு. கல்லாலும் செங்கல்லாலும் கட்டி முடித்தவற்றுக்குச் சிவப்பு, இனிமேல் கட்ட எண்ணியவற்றுக்கு மஞ்சள், நீருக்கு நீலம். கட்டடங்களின் மேல் சிறு எழுத்துகள் காணப்படும். ஓரத்தில் உள்ள பட்டியலைப் பார்த்தால் எந்த எழுத்து ஆளுநர் மாளிகை, எது மருத்துவமனை, எது கோயில் என்பது விளங்கும். மஞ்சள் வண்ணத்தைக் கவனியாதவர்கள் கட்டாத கட்டடத்தைக் கட்டியதாக எண்ணி ஏமாறுவதுண்டு. ஆகவே படம் என்பது இருந்ததை மட்டும் காட்டுவதன்று. இருக்க வேண்டும் என்று ஆள்வோர் விரும்பியதையும் காட்டுவது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நேரான தெருக்கள் யாருடையவை?

1672-இல் பிரெஞ்சுக்காரர் மயிலை சாந்தோமைக் கைப்பற்றினர். கோல்கொண்டாப் படையும் ஒல்லாந்தரும் அவர்களை முற்றுகையிட்டனர். அந்த நெருக்கடியில் உணவும் உதவியும் தேடித் தெற்கே வந்தபோதுதான் புதுச்சேரி அவர்கள் கைக்கு வந்தது. வாலிகண்டபுரத்தின் தலைவன் சேர்கான் லோடி அந்த இடத்தை அளித்தான். 1674-இல் சாந்தோம் வீழ்ந்தது. பிரான்சுவா மார்த்தேன் என்பவர் சிறு கூட்டத்தோடு புதுச்சேரியில் தங்கி வாணிபத்தைத் தொடங்கினார். அப்போது அது நெசவாளரும் மீனவரும் வாழ்ந்த சிற்றூர்.

1693-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒல்லாந்தர் பெருங் கப்பற்படையோடு வந்து அவ்வூரைப் பிடித்தனர். ஆறு ஆண்டுகள் அவர்கள் வசம் இருந்தது. 1697-இல் ஏற்பட்ட ரிஸ்விக் உடன்படிக்கையின்படி 1699-இல் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பித் தந்தனர். இந்த ஆறு ஆண்டுகளை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் முடித்துவிடுவது வழக்கம். ஆனால் 1694-இல் ஒல்லாந்தர் வரைந்த படம் வேறு கதை கூறுகிறது. ஊரில் அப்போது இருந்த வளைந்த பாதைகளையும் குடியிருப்புகளையும் அவர்கள் அளந்து குறித்தனர். அதனோடு, சதுரங்கப் பலகையைப் போல நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் தெருக்களைக் கொண்ட புதிய நகருக்கும் திட்டம் தீட்டினர்.

ஒல்லாந்தர் சென்றபின் பிரெஞ்சுக்காரர் அத்திட்டத்தை எடுத்தெறியவில்லை. அதையே பின்பற்றி நகரை வளர்த்தனர். இன்று புதுச்சேரிக்குச் செல்வோர் அந்த நேரான வீதிகளைக் கண்டு பிரெஞ்சு நாகரிகம் என்று வியப்பதைக் கேட்கிறோம். அதன் முதற்கோடுகளை இழுத்தவர்கள் ஒல்லாந்தர் என்பதைப் படங்களே சான்று காட்டி நிறுவின. பகைவன் போட்ட கோட்டை அழிக்காமல் அதன்மேலேயே பிரெஞ்சுக்காரர் தெரு அமைத்தார்கள். பகைவனிடத்தும் நல்லது இருந்தால் கொள்ளலாம் என்பதற்கு இது சான்று.

கோட்டையும் மதிலும்

1701-இல் இந்தியாவிலிருந்த பிரெஞ்சு வாணிபத்தின் தலைமையிடமாகப் புதுச்சேரி உயர்ந்தது. மீண்டும் ஒருமுறை நகரை இழக்க மார்த்தேன் விரும்பவில்லை. கடலோரத்தில் ஐந்து முனைகளும் முனைக்கொரு கொத்தளமும் கொண்ட கோட்டை ஒன்று எழுந்தது. பிரான்சின் புகழ்பெற்ற கோட்டைப் பொறியாளர் வோபான் தூர்னே நகரில் அமைத்த கோட்டையை முன்மாதிரியாகக் கொண்டு நியோன் என்னும் பொறியாளர் இதைக் கட்டினார். 1706-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் நாள், புனித லூயிஸ் அரசரின் திருநாளன்று, அதன் திறப்பு விழா நடந்தது. அந்தப் புனிதரின் பெயரே கோட்டைக்கும் சூட்டப்பட்டது. அவ்வாண்டின் இறுதி நாளிலேயே மார்த்தேன் காலமானார்.

கோட்டை மட்டும் போதவில்லை. 1724-க்குப் பின் நகரைச் சுற்றி மதில் எழுப்பும் பணி தொடங்கியது. லெனுவார், துய்மா ஆகிய ஆளுநர்கள் காலத்தில் நிலத்தை நோக்கிய மூன்று பக்கங்களும் அடைபட்டன. தூய்ப்ளேக்ஸ் காலத்தில் கடலை நோக்கிய பக்கத்திலும் மதில் வந்தது. அக்காலப் படங்களில் நகரம் கடற்கரையில் கவிழ்த்து வைத்த பாதி முட்டையோடு போலத் தோன்றுகிறது. நடுவில் கடலோரமாக ஐங்கோணக் கோட்டை, சுற்றிலும் மதில், மதிலில் கொத்தளங்கள், வெளியே அகழி. வடக்கே சென்னை வாயில், வடமேற்கே வழுதாவூர் வாயில், மேற்கே வில்லியனூர் வாயில், தெற்கே கூடலூர் வாயில் ஆகியவை இருந்தன.

அதற்கும் வெளியே, வெகு தூரம் தள்ளி, முள் மரங்களும் கள்ளியும் கற்றாழையும் அடர்த்தியாக நட்டு வளர்த்த எல்லை வேலி ஒன்று வளைந்து சென்றது. சாலைகள் வேலியைக் கடக்கும் இடங்களில் சிறு அரண்கள் இருந்தன. நம் பழைய இலக்கியங்களில் மதிலுக்கும் அகழிக்கும் அப்பால் ‘மிளை’ என்னும் காவற்காடு கூறப்படும். தமிழ்ப் புலவர்கள் பாடிய அதே அமைப்பை ஐரோப்பியப் பொறியாளரின் படத்தில் காண்பது வியப்பாக இருக்கிறது.

படம் அறியாதவர் பட்ட பாடு

1748-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் பெரும் படையோடு புதுச்சேரியைத் தாக்க வந்தார். ஆள் பலமும் பீரங்கி பலமும் அவரிடம் இருந்தன. ஆனால் நிலத்தின் இயல்பு அவருடைய பொறியாளருக்குத் தெரியவில்லை. முற்றுகையிடுவோர் மதிலிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் பதுங்குகுழி வெட்டத் தொடங்குவது வழக்கம். அவர்களோ நகரின் வடமேற்கே வழக்கத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு தூரத்தில் தொடங்கினர். அரும்பாடுபட்டு முன்னேறிய பிறகுதான் தங்களுக்கும் மதிலுக்கும் இடையே சதுப்பு நிலம் கிடப்பதைக் கண்டனர். சேற்றில் குழி வெட்டுவது எப்படி? அதற்குள் மழைக்காலமும் வந்துவிட்டது. அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினர். ஐரோப்பிய வீரர்களுள் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போரிலும் நோயிலும் மாண்டனர்.

நிலத்தை உள்ளபடி காட்டும் ஒரு படம் எத்தனை உயிர்களுக்குச் சமம் என்பதற்கு இது போதுமான சான்று. ஆட்சியாளர்கள் படங்களைப் பூட்டி வைத்துக் காத்ததன் காரணமும் இதுவே.

கோயிலுக்குள் ஒரு சுவர்

இனி, எந்தப் படத்திலும் இடம்பெறாத சுவர் ஒன்றைப் பற்றிக் கூற வேண்டும்.

புதுச்சேரியில் ஐரோப்பியருக்குக் கப்புச்சின் துறவிகளும், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குச் சேசு சபைக் குருக்களும் ஞானப் பணி புரிந்தனர். சேசு சபையாரின் கோயிலை மக்கள் சம்பாக் கோயில் என்றனர். ‘சான் பவுலு’, அதாவது புனித சின்னப்பர், என்ற பெயரே மக்கள் வாயில் அவ்வாறு திரிந்தது என்பர். 1692-இல் எழுந்த முதற்கோயில் ஒல்லாந்தர் படையெடுப்பில் அழிந்தது. அவர்கள் சென்றபின் இரண்டாவது கோயில் எழுந்தது. 1728-க்கும் 1736-க்கும் இடையே மூன்றாவது கோயில் பெரிதாகக் கட்டப்பட்டது. நகர்ப்படங்களில் அது கோட்டைக்கு மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதியில் தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளது.

அக்கோயிலின் உள்ளே என்ன இருந்தது என்பதைப் பொறியாளர் குறிக்கவில்லை. துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை குறித்து வைத்தார். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆகவே நமக்காக எதையும் மறைத்து எழுத வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் குறிப்பில் அவர் கூறும் செய்தி இது. சம்பாக் கோயிலின் வடபுறத்தில் உள்ளேயே ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவருக்கு ஒரு புறம் பறையர் குலக் கிறிஸ்தவர்கள். மறு புறம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும் மற்றவர்களும். ஒரே பீடம், ஒரே திருப்பலி, ஒரே நற்கருணை. ஆனால் நடுவில் சுவர். ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒன்று கூடிப் பெரிய குருவிடம் சென்றார்கள். தாங்கள் உண்மையிலேயே அவருடைய சீடர்கள் என்றால் எல்லாரையும் ஒன்றுபோல் நடத்த வேண்டும் என்றும், ஆண்டவர் தம்மை வணங்குவோருக்குள் வேற்றுமை பாராட்டுவதில்லை என்றும் முறையிட்டார்கள். அவர்கள் கூறியதில் நியாயம் இருப்பதைக் குருவானவர் உணர்ந்தார். சுவரை இடிக்கச் சொன்னார், சுவர் இடிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு செய்திகளை நாம் நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, இச்சுவர் குருக்கள் அறியாமல் எழுந்ததன்று. சாதி வழக்கங்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பது பற்றி நம் நாட்டு மறைபணியில் நீண்ட வழக்கு நடந்தது. 1704-இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியிலேயே தங்கித் தம் தீர்ப்பை வெளியிட்டார். தாழ்த்தப்பட்டவர்களின் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைக் காணக் குருக்கள் மறுக்கலாகாது என்பது அதில் ஒரு பகுதி. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1744 செப்டம்பரில், திருத்தந்தை 14-ஆம் ஆசீர்வாதப்பர் அதை உறுதிப்படுத்தினார். அடுத்த ஆண்டே புதுச்சேரி மக்கள் பெரிய குருவின் முன் நின்றார்கள்.

இரண்டாவது, சுவரை இடிக்கும்படி கேட்டவர்கள் படித்தவர்களோ பதவியில் இருந்தவர்களோ அல்லர். சுவருக்கு அப்பால் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள்தாம் கேட்டார்கள். விசுவாசத்தின் பொருளை அவர்களே நமக்குத் தெளிவாக எடுத்துரைத்தார்கள். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாமற் போயின. செங்கல் சுவர் அன்று வீழ்ந்தது. மனத்தில் இருந்த சுவர் அவ்வளவு எளிதில் வீழவில்லை. தமிழகக் கோயில்கள் பலவற்றில் பிரிவினை அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது என்பதை நாம் அறிவோம்.

அருகருகே இருந்த இரு கோயில்கள்

1748-க்கு முந்திய படங்களில் சம்பாக் கோயிலை அடுத்து மற்றொரு கோயிலும் காணப்படுகிறது. அது வேதபுரீசுவரர் ஆலயம். நகரில் சைவ மக்கள் போற்றி வழிபட்ட தலம். அதை அகற்ற வேண்டும் என்று சேசு சபைக் குருக்கள் பல ஆண்டுகளாக ஆளுநர்களை வற்புறுத்தி வந்தனர். மக்கள் நகரை விட்டு வெளியேறிவிடுவார்கள் என்று அஞ்சி முன்னிருந்த ஆளுநர்கள் துணியவில்லை. 1748 செப்டம்பரில் பாஸ்கவனின் முற்றுகை நெருங்கிய வேளையில், தூய்ப்ளேக்ஸின் ஆணைப்படி அக்கோயில் இடிக்கப்பட்டது. குருக்களும் அங்கு இருந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை மிகுந்த மனவேதனையோடு எழுதியுள்ளார். வேதபுரீசுவரர் ஆலயம் பின்னாளில் நகரில் வேறிடத்தில் மீண்டும் எழுந்தது.

விழா மலரில் இதை எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். நம் கோயில்களைப் பிறர் இடித்ததை மட்டும் எழுதி, பிறர் கோயிலை நம்மவர் இடித்ததை விட்டுவிட்டால் அது வரலாறு ஆகாது. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அந்த ஒளியில் நின்று பார்க்கும் நமக்கு 1748-இல் நடந்தது மனவருத்தத்தைத் தருகிறது. அடுத்த வீட்டுக்காரரின் கோயில் ஒரு படத்தில் இருந்து அடுத்த படத்தில் இல்லாமற் போவதைக் காணும்போது அந்த வருத்தம் இன்னும் மிகுகிறது.

படத்தில் வெறுமையாக உள்ள இடம்

மதிலுக்கும் அகழிக்கும் வெளியே படங்களில் ஒரு பரந்த வெளி உண்டு. பகைவன் மறைந்து நிற்கக் கூடாது என்பதற்காக மரமோ வீடோ இல்லாமல் அதைச் சரிவாக வைத்திருந்தார்கள். படத்தில் அங்கே ஒன்றும் எழுதியிருக்காது. வெறுந்தாளாகத் தோன்றும் அந்த இடத்தில்தான் 1760-இன் இறுதியில் பெருந்துயரம் ஒன்று நிகழ்ந்தது.

அவ்வாண்டு ஆங்கிலத் தளபதி அயர் கூட் புதுச்சேரியைச் சூழ்ந்தார். எல்லை வேலியையும் அதன் அரண்களையும் கைப்பற்றி, நிலத்திலும் கடலிலும் உணவு வரும் வழிகளை அடைத்தார். நகருக்குள் பஞ்சம் தலைகாட்டியது. தானியத்தைப் படைவீரருக்கு மிச்சப்படுத்த வேண்டி, பிரெஞ்சுத் தளபதி லாலி நகரிலிருந்த நம் நாட்டு மக்களை வாயிலுக்கு வெளியே அனுப்பிவிட்டார். ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக 1,400 பேர் அளவில் இருந்தனர் என்று ஆங்கில வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். ஆங்கிலப் படை அவர்களை அப்பால் போக விடவில்லை; திரும்பி வந்தால் நகரம் கதவைத் திறக்கவில்லை. எட்டு நாட்கள் அவர்கள் மதிலுக்கும் பகைவர் அணிக்கும் இடையே புல்லின் வேரைத் தின்று அலைந்தார்கள். இரு புறத்துக் குண்டுகளுக்கும் இரையானவர்கள் உண்டு. இறுதியில்தான் ஆங்கிலேயர் மனமிரங்கி வழி விட்டார்கள்.

அந்த மதிலை எழுப்பக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் இவர்களைப் போன்ற எளிய மக்களே அல்லவா! காப்பதற்காகக் கட்டிய மதில் அவர்களைக் காக்கவில்லை. மதிலைக் காணும்போதெல்லாம் அது யாரை உள்ளே வைத்தது என்பதோடு, யாரை வெளியே விட்டது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை படத்தில் எழுதப்படாத இடத்தில்தான் கிடைக்கிறது.

எஞ்சியவை எவை?

1761-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் ஆங்கிலப் படை நகருக்குள் நுழைந்தது. அதே மாதத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையும் காலமானார். 1758-இல் லாலி கூடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றி இடித்திருந்தார். இப்போது அதற்கு ஈடு செய்யும் முறை வந்தது. சென்னை ஆளுநர் பிகட்டின் ஆணைப்படி கோட்டையும் மதிலும் வீடுகளும் முறையாகத் தகர்க்கப்பட்டன. சம்பாக் கோயிலும் தப்பவில்லை. வோபானின் முறைப்படி கட்டிய ஐங்கோணக் கோட்டை 55 ஆண்டுகள்தாம் நின்றது.

1763-இல் பாரிஸ் உடன்படிக்கை ஏற்பட்டது. 1765-இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தபோது கற்குவியலே அவர்களை வரவேற்றது. வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைக் காண வந்த லெ ழாந்தி என்னும் வானநூல் அறிஞர், 1768-இல் அந்தக் கோட்டையின் இடிபாடுகளின் மேல்தான் தம் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். 1769 ஜூனில் குறித்த நேரத்தில் மேகம் மறைத்துவிட்டது. அவர் எதையும் காணவில்லை.

ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் நகரை மீண்டும் கட்டத் தொடங்கினார். இங்கேதான் படங்கள் நமக்கு ஓர் அரிய உண்மையைக் காட்டுகின்றன. 1761-க்கு முந்திய படத்தையும் 1765-க்குப் பிந்திய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கட்டடங்கள் மாறியுள்ளன; தெருக்கள் மாறவில்லை. வீடு இடிந்தாலும் தெரு எது என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது. தன் மனை எங்கே, அடுத்தவன் மனை எங்கே என்ற நினைவு அவர்களிடம் இருந்தது. அவரவர் தம் பழைய இடத்தில் வந்து குடிசை போட்டார்கள். பின்பு வீடு கட்டினார்கள். வெடிமருந்தால் கோட்டையைத் தகர்க்க முடிந்தது. மக்கள் நாள்தோறும் நடந்து பழகிய வழியைத் தகர்க்க முடியவில்லை.

சம்பாக் கோயிலும் அவ்வாறே பழைய அடித்தளத்தின் மேல் 1770-இல் மீண்டும் எழத் தொடங்கியது. 1773-இல் சேசு சபை திருத்தந்தையால் கலைக்கப்பட்டது. பாரிஸ் வேதபோதக சபையார் பணியை ஏற்று நடத்தினர். 1778-இல் மீண்டும் முற்றுகை. மீண்டும் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. இத்தனைக்கும் நடுவே 1791-இல் கோயில் நிறைவுற்று அபிஷேகம் செய்யப்பட்டது. தொடங்கியவர்கள் ஒரு சபையார். முடித்தவர்கள் வேறொரு சபையார். இடையில் இருபத்தோராண்டுகள் அதைக் கைவிடாமல் காத்தவர்கள் பங்கு மக்கள். அமலோற்பவ மாதா பேராலயமாக இன்றும் நிற்பது அந்தக் கோயிலே.

மதில்களின் கதை வேறாயிற்று. அவற்றையும் புதிதாகக் கட்டினார்கள், மீண்டும் இடிபட்டன. 1814-ஆம் ஆண்டு உடன்படிக்கையில், இந்தியாவில் திருப்பித் தரப்படும் ஊர்களில் அரண் எதுவும் எழுப்புவதில்லை என்று பிரான்சு ஒப்புக்கொண்டது. 1816-இல் நகரம் திரும்பக் கிடைத்தபோது அது மதிலற்ற நகரமாக இருந்தது. அதன் பின்னர் அங்கு எவரும் முற்றுகையிடவில்லை. பழைய மதிலும் அகழியும் சென்ற வழியில் இன்று அகலமான சாலைகள் ஓடுகின்றன. வடக்கே சர்தார் வல்லபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை ஆகியவற்றில் நடந்து சென்றால் பழைய நகரின் எல்லையைச் சுற்றி வந்துவிடலாம். ஐங்கோணக் கோட்டை இருந்த பகுதியில் இன்று பாரதி பூங்கா உள்ளது. பீரங்கிகள் நின்ற இடத்தில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

நம் பங்கின் படம்

நூறாண்டு முயன்று பெரும் பொருள் செலவிட்டுக் கட்டிய மதில்கள் மறைந்தன. தாளில் கோடாகத் தொடங்கிய தெருக்கள் 300 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துள்ளன. மதில் மனிதரைப் பிரிப்பது. தெரு மனிதரை ஒருவர் வாசலுக்கு ஒருவர் கொண்டு சேர்ப்பது. கிறிஸ்து இரு இனத்தாரையும் பிரித்து நின்ற சுவரைத் தம் உடலிலே தகர்த்து ஒன்றாக்கினார் என்று புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதியதை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும்.

ஆகவே இவ்விழா ஆண்டில் நம் பங்கு இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பங்கின் படம் ஒன்றை நீங்கள் வரைய வேண்டும். பெரிய பொறியாளர் தேவையில்லை. நீண்ட நாடாவும், வரைதாளும், பொறுமையும் போதும். கோயில், பள்ளிக்கூடம், கெபி, கிணறு, கல்லறைத் தோட்டம், தேர் செல்லும் வீதிகள் யாவற்றையும் அளந்து குறியுங்கள். முன்பு சிற்றாலயம் இருந்த இடம் எது, குளம் தூர்ந்த இடம் எது என்று முதியவர்களைக் கேட்டுப் புள்ளிக்கோடு இடுங்கள். மாற்றுச் சமயத்தாரின் கோயிலையும் பள்ளிவாசலையும் விடாமல் காட்டுங்கள்.

அவ்வாறு வரையும்போது நம்மிடையே உள்ள சுவர்களையும் உள்ளபடியே வரையுங்கள். தேர் எந்தத் தெரு வரை செல்கிறது, எந்தத் தெருவுக்குள் செல்வதில்லை என்று குறியுங்கள். திருவிழா வரி எந்த வீடுகளில் கேட்கப்படுகிறது, எந்த வீடுகளில் கேட்கப்படுவதில்லை என்று கவனியுங்கள். தமிழகத்தில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலேயே சாதிச் சுவர் நிற்பதை நாம் அறிவோம். உயிரோடு இருக்கும்போது ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்களை மண்ணுக்குள் பிரிக்கும் கொடுமை அது. நம் பங்கில் அத்தகையது கல்லாலோ மனத்தாலோ எங்கேனும் இருக்குமானால் படம் அதைக் காட்டிக் கொடுக்கட்டும். 1745-இல் புதுச்சேரி மக்கள் பெரிய குருவின் முன் நின்றதுபோல் நீங்களும் உங்கள் பங்குக் குருவின் முன் வந்து நிற்கலாம். கதவு திறந்தே இருக்கும்.

வரைந்து முடித்த படத்தை ஆண்டும் நாளும் குறித்து ஞானஸ்நானப் பதிவேடுகளோடு பத்திரமாக வைப்போம். அடுத்த யூபிலி விழாவைக் கொண்டாடுவோர் பெட்டியைத் திறந்து அதைப் பார்க்கட்டும். நாம் விட்டுச் சென்ற தெருக்களில் அவர்கள் நடக்கட்டும். நாம் வரைந்து காட்டிய சுவர் ஏதேனும் இருந்தால், அது தங்கள் காலத்தில் இல்லை என்று அவர்கள் கண்டு மகிழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக.